பத்து மாதமும் நாற்பது நாளும்

இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடென்றால் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். காணி உறுதியும் விவாகப் பதிவும் பிறப்புச் சான்றிதழ்களும் கிடக்கிற அதே தட்டு. பையைத் திறந்தால் மடித்து வைத்த ஒரு தடித்த அட்டை. கிளினிக் நாளில் வெளியே வரும், திரும்பியதும் பைக்குள் போய்விடும். சின்னப் பிள்ளைகளைத் தொட விடமாட்டார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அதற்குப் பெயர் 'கார்ட்'. சுகாதார அமைச்சின் படிவக் கணக்கில் எச் 512.

இந்த அட்டையின் ஆயுள் பத்து மாதமும் நாற்பது நாளும். நாள் தள்ளிப்போன செய்தியோடு பிறந்து, பிள்ளை பெற்றவள் நாற்பது கழிக்கும்போது தன் வேலையை முடித்துக்கொள்ளும். உயிர் காக்கிற பொருள் என்றால் நமக்கு ஊசியும் கத்தியும் இயந்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன. பேனையால் நிரப்புகிற ஒரு காகிதமும் அந்த வரிசையில் நிற்கத் தகுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதன் கதையை எழுதுகிறேன்.

அட்டையின் முதல் எழுத்து பெரும்பாலும் வீட்டு விறாந்தையில்தான் விழுகிறது. மிட்வைப் மிஸ் வளவுக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அரசாங்கம் அவருக்கு வைத்த பெயர் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர். ஊருக்கு அவர் மிஸ், அவ்வளவுதான். சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது நாட்டின் ஏற்பாடு. சுவரோடு சுவர் ஒட்டிய கல்முனைக்குடி போன்ற ஊரில் 3,000 பேர் என்றால் சில ஒழுங்கைகளுக்குள் முடிந்துவிடும். 18 மாதப் பயிற்சி முடித்து வருகிற அந்தப் பெண்ணுக்கு எந்த வளவில் எந்த நாய் கட்டியிருக்கிறது என்பது வரைக்கும் தெரியும்.

பெண் கர்ப்பம் தரித்த பிறகு தேடி வருகிறவர் இல்லை அவர். கலியாணம் முடித்த மறுகணமே அந்தத் தம்பதியின் பெயர் அவருடைய கையிலிருக்கும் இன்னொரு பேரேட்டில் ஏறிவிடுகிறது. தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு, எச் 526. பிள்ளைக்கு யோசனை உண்டா என்று கேட்பார், ஃபோலிக் அமிலம் கொடுப்பார். காரணம் இருக்கிறது. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் ஆகப்போகிற குழாய் கருத்தரித்து நாலு கிழமைக்குள் மூடிக்கொள்கிறது. தாய்க்கு நாள் தள்ளிப்போனது உறுதியாகும்போது அந்த வேலை முடிந்திருக்கும், அல்லது முடியப்போகும். மாத்திரை அதற்கு முந்திப் போயிருக்க வேண்டும். அதேபோல 8 கிழமைக்குள் அட்டை எழுதிவிட வேண்டும் என்பதும் அவருக்கு இடப்பட்ட இலக்கு. "எத்தின நாளாச்சி புள்ள, மறைக்காம சொல்லுங்க" என்று அவர் கேட்பதில் அவசரம் இருக்கும். மூன்று மாதம் கழியாமல் வெளியே சொல்லக்கூடாது, கண்படும் என்று மூத்தம்மாமார் நினைப்பார்கள். மிஸ்ஸிடம் சொல்வதை வெளியே சொல்வதாக ஊர் எண்ணுவதில்லை. அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததில்லை.

எழுதும்போது இரண்டு பிரதி. ஒன்று தாய்க்கு, மற்றது மிஸ்ஸுக்கு. இந்த இரட்டைப் பிரதியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இந்தக் கரையின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லாவிட்டால் அட்டையின் கதை பாதிதான். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் முஸ்லிம்களும் சரி, தமிழர்களும் சரி, கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனம். மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் உம்மாவும் வாப்பாவும் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு அதே வளவில் அல்லது பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, இளையவளுக்காக அடுத்த சுவரை எழுப்பத் தொடங்குவார்கள். குடி என்கிற குலமும் தாய் வழிதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் இருந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

வேறு ஊர்களில் தலைப்பிரசவத்துக்கு மகள் தாய் வீட்டுக்குப் போகிறாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அவளோடு அட்டையும் பயணம் போகிறது. புது ஊர், புது மிட்வைப், புது கிளினிக். பிள்ளை பிறந்த பிறகு மறுபடியும் இடமாற்றம். யார் எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்பதில் குழப்பம் அந்த மாற்றங்களில்தான் வருகிறது. கல்முனைக் கரையில் பெண் இடம் மாறுவதில்லை. அவள் பிறந்த வளவிலேயே சுமக்கிறாள், அங்கேயே நாற்பது கிடக்கிறாள். முதல் பிள்ளைக்கு எழுதிய மிஸ்தான் ஓய்வு பெறாவிட்டால் மூன்றாவதுக்கும் எழுதுவார். அவளுடைய இரத்த அழுத்தம் போன முறை எந்த மாதத்தில் ஏறியது என்று கேட்டால் அட்டையைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர். கொழும்பில் டி சேரம் பிளேஸில் இருக்கிற குடும்ப சுகாதாரப் பணியகம் இந்த அட்டையை முழு நாட்டுக்குமாக வடிவமைத்தது. ஆனால் வீடு பெண்ணுடையது என்கிற இந்தக் கரையின் பழைய சட்டத்தோடு அது பொருந்தியதைப் போல வேறெங்கும் பொருந்தியிருக்காது என்றே நினைக்கிறேன்.

அட்டையின் மூதாதையரை வேகமாகப் பார்த்துவிடலாம். 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறந்தது. மருத்துவிச்சிகளுக்கு முறையான பயிற்சி அங்கேதான் தொடங்கிற்று. 1926இல் களுத்துறையில் ரொக்ஃபெலர் அறக்கட்டளையின் உதவியோடு முதல் சுகாதாரப் பிரிவு. நோயாளி வரும்வரை ஆஸ்பத்திரியில் காத்திருக்காமல் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பையும் அதிலுள்ள சனத்தையும் ஒரு குழுவிடம் ஒப்படைக்கிற எண்ணம் அங்கே பிறந்தது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு) என்று நாம் சொல்கிற ஏற்பாடு அதன் பிள்ளை. 1930களில் இந்த நாட்டில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1,00,000 பிள்ளைகளுக்கும் 2,000க்கு மேல் தாய்மார் செத்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு மையித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 1947க்குப் பிந்திய மூன்றே ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியாகிற்று. மலேரியா அடங்கியது, இலவசக் கல்வி, ஊருக்குள் வந்த ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்த மிட்வைப் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அண்மை ஆண்டுகளில் அந்த எண் 30ஐச் சுற்றி நிற்கிறது.

இனி அட்டையை விரிப்போம்.

பார்ப்பதற்குக் கட்டங்கள்தான். திகதி, கிழமை, நிறை, அழுத்தம், சிறுநீர், வீக்கம், கருப்பையின் உயரம், பிள்ளையின் கிடை, இதயத் துடிப்பு. ஒரு தாதியின் கை இரண்டு நிமிடத்தில் ஒரு வரியை நிரப்பிவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு மையித்து இருக்கிறது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. 1980களிலிருந்து இலங்கையில் ஒரு தாய் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பிரசவத்துக்குப் பிந்திய நாட்களிலோ இறந்தால் அந்த மரணம் அறிவிக்கப்பட்டு, ஊரிலிருந்து தேசிய மட்டம் வரைக்கும் விசாரிக்கப்படுகிறது. யாரைத் தண்டிக்கலாம் என்பதற்காக அல்ல, எங்கே தவறிற்று என்று பார்க்க. எப்போது அழுத்தம் பார்க்கப்பட்டது, யார் பார்த்தார், ஏன் அனுப்பவில்லை? அந்த விசாரணை மேசையில் முதலில் வைக்கப்படுவது இந்த அட்டைதான். எழுதாமல் விட்ட ஒரு கட்டம் அங்கே கத்திப் பேசும்.

அழுத்தக் கட்டத்தை எடுங்கள். 140க்கு 90. அதற்கு மேல் போய், சிறுநீரைச் சூடாக்கும்போது வெள்ளைக் கரு போலத் திரண்டால் ஆபத்து. தலையிடி, கண் முன்னால் பூச்சி பறக்கிறது, நெஞ்சுக் குழியில் நோவு என்று அவள் சொன்னால் ஆபத்து கதவைத் தட்டுகிறது. அடுத்தது வலிப்பு. ஒரு காலத்தில் அதைப் பேய் பிடித்தது என்றார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஓதிக் குடிக்கட்டும், மனசுக்கு நல்லது. ஆனால் அதற்கு முன்பே இரண்டு எண்கள் அட்டையில் ஏறிவிட்டால் அவள் வலிப்பு வருவதற்கு முன் வார்டில் இருப்பாள்.

ஹீமோகுளோபின் கட்டத்தில் 11க்குக் கீழே எண் விழுந்தால் இரும்பு மாத்திரையைப் பற்றிய ஒரு நீண்ட பேச்சு நடக்கும். மாத்திரை எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது, எல்லோரும் விழுங்குகிறார்களா என்பதுதான் கேள்வி. வயிறு எரியுது, மலம் கறுப்பாய்ப் போகுது என்று பல பேர் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார்கள். தேத்தண்ணியோடு குடிக்காதீங்க, தேசிக்காய்த் தண்ணியோடு குடிங்க என்று மிஸ் சொல்வது சும்மா இல்லை. தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் ஏற விடாது. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற ஊரில் இந்த ஒரு வரிப் புத்திமதி எத்தனை போத்தல் இரத்தத்துக்குச் சமம் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

இதயத்தைக் கேட்கிற கட்டம் ஒன்று. முதல் கிளினிக்கில் டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தாயின் இதயத்தைக் கேட்டே ஆக வேண்டும். இரத்தப்போக்கும் தொற்றும் குறைந்த பிறகு இதயநோய் இந்த நாட்டுத் தாய்மாரின் மரணப் பட்டியலில் மேலே ஏறிவிட்டது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைச் சிதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கூடும்போதுதான் அது வாய் திறக்கும்.

சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் இரத்தம் எடுப்பார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றுரைத்தது. அந்தச் சான்று நாட்டின் பெயரில் வந்தது, ஆனால் அதைச் சம்பாதித்தது விறாந்தைகளில் கூச்சத்தோடு நீட்டப்பட்ட கைகள். ஏற்பு ஊசிக் கட்டமும் அப்படித்தான். பிளேடாலும் மூங்கில் சீவலாலும் கொடி அறுத்த காலத்தில் ஏழாம் நாள் வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் செத்த பிள்ளைகளின் கட்டம் அது.

வயிற்றின் மேல் நாடா வைத்து அளப்பது எனக்கு எப்போதும் வியப்பான காட்சி. தையற்காரரின் நாடாதான். ஐந்தாம் ஆறாம் மாதத்துக்குப் பிறகு எத்தனை சென்ரிமீற்றரோ ஏறக்குறைய அத்தனை கிழமை. கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் பிள்ளை வளரவில்லை என்று அர்த்தம். மருதமுனைக்காரருக்கு இது விளங்கச் சொல்லத் தேவையில்லை. கைத்தறி ஊர், தறியில் துணி ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறவேண்டும், ஏறாவிட்டால் எங்கே நூல் சிக்கியிருக்கிறது என்று கண்ணாலே சொல்கிற பெண்கள் அவர்கள்.

சர்க்கரைக் கட்டம் றமழானோடு மோதும். 24க்கும் 28க்கும் இடைப்பட்ட கிழமைகளில் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து இரத்தம் பார்ப்பார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவள் நோன்பு பிடிக்கலாமா? பிள்ளைத்தாச்சிக்கும் பாலூட்டுகிறவளுக்கும் நோன்பைப் பிற்போட மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. சலுகை இருந்தாலும் வீட்டில் எல்லோரும் சஹருக்கு எழும்பும்போது தான் மட்டும் பகலில் சாப்பிடுவது பெண்ணுக்குக் கஷ்டமாக இருக்கும். இந்த இடத்தில் முஸ்லிம் ஊரிலேயே பிறந்து வளர்ந்த மிட்வைப் சொல்கிற வார்த்தைக்கு வெளியிலிருந்து வருகிற டொக்டரின் கட்டளையை விடப் பெறுமதி கூட. "நானும் அந்த வருசம் பிடிக்கல்ல, பொறவு களாச் செஞ்சன்" என்று அவர் சொன்னால் விஷயம் முடிந்தது.

28 கிழமைக்குப் பிறகு எழுதும் வேலை தாயின் கைக்கும் வருகிறது. பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்தவள் தன் வயிற்றுக்குத் தானே தாதி. அசைவு குறைந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதை அவள் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அட்டையைப் பத்திரமாகச் சுமக்கிற கணவன்மாரைப் பார்த்திருக்கிறேன். அதைத் திறந்து வாசித்தவர் மிகச் சிலர். பொம்பிளைகளுடைய விஷயம் என்று மடித்தபடியே நீட்டுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஓட்டோ பிடிக்கப்போவது அவர்தான். ஆபத்து அறிகுறிகளை அவர் வாசித்திருந்தால் ஒரு மணித்தியாலம் முந்திப் பிடிப்பார்.

நோவு எடுத்த இரவில் அட்டை பையோடு கிளம்புகிறது. பையில் பிள்ளைச் சீலைகள், தாய்க்கு மாற்றுடுப்பு, பிளாஸ்க், அட்டை. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள், ஒன்று அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, மற்றது கல்முனை வடக்கு. ஒரே ஊரில் இரண்டு ஏன் என்பதற்கு இந்த மண்ணின் இரு சமூகக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும், இங்கே அதற்கு இடமில்லை. அட்டை இரண்டு வாசலிலும் ஒன்றேதான், கட்டங்கள் மாறுவதில்லை.

வார்டில் மிஸ்ஸி, அதாவது தாதி, முதலில் கேட்பது பெயரை அல்ல. "கார்ட் எங்க?" இரத்த வகை, முந்தின பிரசவம், ஹீமோகுளோபின், அழுத்தம், பிள்ளையின் கிடை. பேச முடியாமல் நோவில் துடிக்கிற பெண்ணுக்காக அட்டை பேசுகிறது. அன்று பகல்வரை அவளை அறியாத ஒரு தாதி அரை நிமிடத்தில் அவளுடைய பத்து மாதத்தைத் தெரிந்துகொள்கிறார்.

பிரசவ அறைக்குள் அட்டைக்கு ஒரு கூட்டாளி கிடைக்கிறது, பார்டோகிராம். கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எவ்வளவு இறங்கியது, பிள்ளையின் துடிப்பு என்ன என்று நேரத்துக்கு நேரம் புள்ளி வைக்கிற வரைபடம். ஃபிறீட்மன் என்கிற அமெரிக்க மருத்துவர் 1950களில் தொடங்கியதை 1972இல் இன்றைய ஹராரேயில் ஃபில்பொட், காசல் என்ற இருவர் ஒரு எச்சரிக்கைக் கோடு கீறித் திருத்தினார்கள். டொக்டர் இல்லாத கிராமத்து நிலையத்தில் நிற்கிற மிட்வைப், எப்போது தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கோடு. தென்கிழக்காசியாவில் 35,484 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிசோதித்து 1994இல் வெளியிட்டது. நீடித்த நோவும் தொற்றும் குறைந்தன. 2020இல் அந்த நிறுவனம் புதிய வழிகாட்டி ஒன்றைத் தந்தது. அதில் தாய்க்குத் துணை இருக்கிறதா, நோவுக்கு ஏதும் கொடுத்தீர்களா, குடிக்கக் கொடுத்தீர்களா என்பதற்கும் கட்டங்கள் வந்துவிட்டன. எனக்கு அதுதான் பெரிய முன்னேற்றமாகப் படுகிறது. முதுகைத் தடவிவிடுகிற கையும் பராமரிப்பு என்று காகிதம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

பிள்ளை வந்த அடுத்த நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 அலகு ஒக்சிடோசின் ஏறும். கருப்பை இறுகும், இரத்தம் நிற்கும். பிள்ளை தாயின் வெறும் மார்பில் கிடக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் பால். வாப்பா வந்து காதில் பாங்கு சொல்வார். பிள்ளைக்கென்று தனியாக ஒரு புத்தகம் எழுதப்படும், பெண்ணென்றால் இளஞ்சிவப்பு, ஆணென்றால் நீலம். அந்தக் கணத்தில் பழைய அட்டைக்கு முதுமை தொடங்கிவிடுகிறது. எல்லோரும் புதுப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் சுனாமியாக வந்து இந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு போனது. நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கு மேல். பின்னர் நடந்த ஆய்வு இறந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் அதிகம் என்று காட்டிற்று. கரையோர வளவுகளில் அலுமாரியே இல்லை, பிறகு பைக்கு எங்கே போவது. பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்த பிள்ளைத்தாச்சிகளுக்குத் தங்கள் கிழமைக் கணக்கைச் சொல்லத் தாள் இல்லை. இரட்டைப் பிரதி எதற்கென்று அன்றைக்கு விளங்கியிருக்கும். தாயிடம் இருந்தது போனாலும் மிஸ்ஸிடம் இருந்தது எஞ்சினால் அவள் மீண்டும் ஒரு வரலாறுள்ள நோயாளி. இரண்டும் போன இடத்தில் எல்லாம் முதலிலிருந்து.

அந்த நாளில் கல்முனையில் உயிரோடு மீட்கப்பட்ட ஒரு கைக்குழந்தையை உலகம் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று அறிந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் அன்று சேர்க்கப்பட்ட வரிசை எண் அது. பெற்றோர் யார் என்பது வழக்காகி, 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகே பிள்ளை தாயின் கைக்குப் போயிற்று. தாய் தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று காட்டச் சோதனைக்கு நிற்க வேண்டி வந்த அந்த ஏழெட்டுக் கிழமைகளை நினைக்கும்போதெல்லாம் பொலித்தீன் பைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கடலுக்குப் பிறகு வந்த வீட்டுத் திட்டங்கள் இன்னொரு விதத்தில் அட்டையைத் தொட்டன. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் சொல்லப்பட்டது. மகளுக்கென்று எழுதிய வளவுகள் கையை விட்டுப் போயின. உள்ளே கொடுத்த புது வீடுகளின் உரிமை யாருடைய பெயரில் என்ற கேள்வி வந்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயர் எழுதுகிற பழக்கம் அதிகாரிகளுக்கு. சீதன வீட்டின் மேல் கட்டியிருந்த ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆட்டம் என்பது பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மிட்வைபின் பேரேட்டிலும் அது தெரிந்திருக்கும், ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து இருந்த உம்மாவும் மகளும் இப்போது வேறு வேறு பகுதிக்காரர்.

இனி நாற்பது.

ஊரில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறைக்குள் இருப்பாள். தொழுகை இல்லை, நோன்பு இல்லை. ஷாபி மத்ஹபில் நிபாஸுக்கு, அதாவது பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்குக்கு, மிகக் கூடிய எல்லை 60 நாள், வழமை 40. ஊர் நாற்பதைப் பிடித்துக்கொண்டது. மருத்துவமும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் சொல்கிறது. கருப்பை தன் பழைய அளவுக்குத் திரும்ப ஆறு கிழமை, 42 நாள். மிஸ்ஸின் வீட்டுத் தரிசிப்புகள் முதல் பத்து நாளுக்குள் இரண்டு, பிறகு ஒன்று, கடைசியாக 42ஐ ஒட்டி ஒன்று. இரண்டு நாட்காட்டியும் ஒரே வாசலில் சந்திக்கின்றன.

உள்ளே மூத்தம்மாவின் ஆட்சி. சரக்கு இடித்துக் கறி, முருங்கையிலை, பாலூற பால்சுறா, சுடுதண்ணி வார்ப்பு. மிஸ் இதையெல்லாம் ஒதுக்குகிறவர் இல்லை. சுறாப் புட்டைச் சாப்பிடட்டும், மஞ்சளும் மிளகும் இருக்கட்டும். ஆனால் தண்ணி குடிக்க விடாமல் வாயைக் கட்டக் கூடாது, அடிவயிற்றில் நெருப்புச் சூடு வைக்கக் கூடாது, கொடித் துண்டில் ஒன்றும் பூசக் கூடாது, சீம்பாலைப் பிழிந்து கொட்டக் கூடாது. சண்டை பிடிக்காமல், மூத்தம்மாவையே துணைக்கு இழுத்து இதைச் சொல்வதுதான் அவருடைய திறமை. "உம்மா, நீங்க சொன்னாத்தான் இவ கேப்பா" என்று தொடங்குவார்.

கையைக் கழுவிக்கொண்டு அவர் பார்க்கத் தொடங்குகிறார். காய்ச்சல் உண்டா, மார்பு கல்லாயிருக்கிறதா, இரத்தப்போக்கின் நிறமும் மணமும் எப்படி, தையல், கால் வீக்கம், கெண்டைக்கால் நோவு. அந்தக் கை கழுவலுக்கு ஒரு கதை உண்டு. 1847இல் வியன்னாவில் செமல்வைஸ் என்ற மருத்துவர் மாணவ டொக்டர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தபோது பிரசவக் காய்ச்சல் மரணம் சடுதியாக விழுந்தது. அதற்கு முன்பே டொக்டர்களின் வார்டை விட மருத்துவிச்சிகளின் வார்டில் தாய்மார் குறைவாகச் செத்தார்கள். பிணம் அறுத்த கையோடு மருத்துவிச்சிகள் வருவதில்லை என்பதே காரணம்.

அட்டையில் என்னைக் கவலைப்பட வைப்பது இந்தக் கடைசிப் பகுதிதான். பத்து மாதம் நெருக்கி நெருக்கி எழுதிய கட்டங்கள் பிரசவத்துக்குப் பிறகு ஐதாகிவிடுகின்றன. எல்லோர் கண்ணும் பிள்ளை மேல். பெற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் களைப்பு என்பார்கள். நாலாம் கிழமையை ஒட்டி மிஸ் பத்துக் கேள்விகள் கேட்பார், எடின்பரோவில் 1987இல் உருவான அளவுகோல். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயப்படுகிறீர்களா, அழுகை வருகிறதா, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்ய நினைத்தீர்களா? கடைசிக் கேள்வியை மாமியும் மச்சியும் சுற்றி நிற்கும்போது கேட்க முடியாது. அறைக் கதவைச் சாத்தவேண்டும். "புள்ளய ஒருக்கா நிறுக்கணும், தராச எடுத்து வாங்க" என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு நல்ல மிட்வைப் கேட்டுவிடுவார். பதில் எண்ணாகக் கூட்டப்பட்டு ஒரு கட்டத்தில் விழும். அவள் சொன்ன வார்த்தை அந்த எண்ணுக்குள் அடங்காது. அதை மிஸ் தன் மனசில்தான் சுமந்து போக வேண்டும்.

கடைசித் தரிசிப்பு. தாய் குளித்து, தலைவாரி, விறாந்தைக்கு வந்திருப்பாள். அறையில் சாம்பிராணி மணம் இன்னும் போயிருக்காது. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி பற்றி மிஸ் தாழ்ந்த குரலில் பேசுவார். கடைசி வரியை எழுதிக் கையெழுத்து வைப்பார். அலுமாரியின் பொலித்தீன் பைக்குள் இனி நிறப் புத்தகம் போகும், அடுத்த ஊசிக்குத் திகதி அதில் இருக்கிறது.

தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது வளவின் மறுபக்கம் அவர் கண் போகிறது. போன முறை வெறும் மண்ணாக இருந்த இடத்தில் அத்திவாரம் வெட்டிக் கருங்கல் போட்டிருக்கிறார்கள், சீமெந்து மூடைகள் ஓலைக்குக் கீழே.

"இளையவளுக்கா உம்மா?"

"ஓம் மிஸ், ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சி எண்டு பேசியிருக்கம்."

மிஸ் பையைத் திரும்பத் திறந்து எச் 526ஐ எடுக்கிறார். மூத்தவளின் வரிக்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டுப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொள்கிறார்.